மழை தொடங்கினாலே தூக்கம் இழக்கும் மகள்: பொய் சொல்லாமல் எப்படித் தேற்றுவது?

ஏரிக்கரை (வேளச்சேரி) – இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். இந்தப் பகுதியில் மற்றவர்கள் எழுதுவதை நெடுநாளாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை.

என் மகள் பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். எங்கள் வீடு தரைத்தளம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அவளுக்கு ஐந்து வயது. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்காரர்களிடம் தஞ்சம் புகுந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. ஃபிரிட்ஜ் மிதந்து வந்து சமையலறைக் கதவில் முட்டிய ஓசையை அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதன்பின் பல நாள் மின்சாரமும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை.

இந்த ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து அவள் சரியாக உறங்குவதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் ரேடார் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பாலிதீன் பை இருக்கிறது. அதில் பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் அட்டை, அவளுடைய பாட்டியின் புகைப்படம் ஆகியவற்றை வைத்து வாயை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறாள். அப்படிச் செய்யும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

போன வாரம் கணக்குத் தேர்வுக்கு முந்தைய இரவு, "எதுக்கும்மா படிக்கணும்? நான் வேலைக்குப் போற வயசுல இந்த ஊரே இருக்காதே" என்றாள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, போய்ப் படு" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் சொன்னதை நானே நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொய்யும் சொல்லாமல், இருக்கிற பயத்தைக் கூட்டவும் செய்யாமல், அவளிடம் என்ன பேசுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்ப்பாதை (கோயம்புத்தூர்)

சகோதரி, உங்கள் தவிப்பு புரிகிறது. எனக்கும் பதினாறு வயதில் மகன் இருக்கிறான். என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: முதலில் கைப்பேசியை வாங்கி வையுங்கள். "2050இல் சென்னை கடலுக்குள்" என்று தலைப்பிட்ட காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டால், அடுத்தடுத்து அதே போன்ற பத்துக் காணொளிகள் தாமாகவே வந்து நிற்கின்றன. பெரியவர்களுக்கே நெஞ்சு படபடக்கும்போது பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும் வரை செய்தியும் வேண்டாம், ரேடாரும் வேண்டாம். நாம் வளர்ந்த காலத்திலும் புயல் வந்தது, வெள்ளம் வந்தது. அதைப் பற்றி யாரும் இரவு பகலாக நினைத்துக்கொண்டிருக்கவில்லை.

செவிமடுப்பவர் (மதுரை)

ஏரிக்கரை அவர்களுக்கு வணக்கம். நான் பள்ளி மாணவர்களுக்கான மனநல ஆலோசகராகப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்கள் மகளை நேரில் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்வது முறையல்ல. ஆனாலும் நீங்கள் எழுதியதில் இரண்டு வெவ்வேறு பயங்கள் பின்னிக் கிடப்பதாகத் தோன்றுகிறது. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது உதவும்.

ஒன்று, நடந்து முடிந்த வெள்ளத்தின் நினைவு. மழைச் சத்தம் கேட்டதும் விழிப்பு வருவது, பையைக் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொள்வது ஆகியவை உடல் பழைய ஆபத்தை நினைவில் வைத்திருப்பதன் அடையாளங்கள். அந்தப் பையைப் பார்த்து நீங்கள் கலங்க வேண்டாம். ஐந்து வயதிலும் பதின்மூன்று வயதிலும் வீட்டுக்குள் தண்ணீர் வரக் கண்ட ஒரு பெண், முக்கியமான தாள்களைக் காப்பாற்றி வைக்க நினைப்பது அறிவுள்ள செயல்.

மற்றொன்று, "ஊரே இருக்காதே" என்கிற எதிர்காலம் பற்றிய பயம். இதில் உங்கள் மகள் தனியாள் இல்லை. 2021இல் லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் ஆய்விதழில் ஒரு பெரிய கருத்தாய்வு வெளிவந்தது. இந்தியா உட்படப் பத்து நாடுகளைச் சேர்ந்த, 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் கேட்டிருந்தார்கள். காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாக 59 சதவீதம் பேரும், எதிர்காலம் அச்சமூட்டுவதாக ஏறத்தாழ நான்கில் மூன்று பேரும் சொன்னார்கள். அந்த ஆய்வில் என் மனத்தில் தங்கியது வேறொரு செய்தி: அரசுகளும் பெரியவர்களும் போதிய அளவு செயல்படவில்லை, தங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற உணர்வோடு அந்தத் துயரம் இணைந்திருந்தது. காலநிலை பற்றிய பயத்தின் அடியில் "எங்களைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை" என்ற காயமும் இருக்கிறது. "ஒன்றும் ஆகாது, போய்ப் படு" என்ற பதில் எந்த அன்போடு சொல்லப்பட்டாலும் அந்தக் காயத்தின் மேல்தான் போய்ப் படுகிறது.

நேர்ப்பாதை அவர்களே, இரவில் கைப்பேசி படுக்கையறைக்குள் வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அதைப் பிடுங்கி வைப்பதும், அந்தப் பேச்சையே வீட்டில் தடை செய்வதும் ஒன்றாக நடந்தால், பிள்ளை பயப்படுவதை நிறுத்தாது. பயத்தைச் சொல்வதை மட்டுமே நிறுத்தும். நான் சந்தித்த பிள்ளைகளில் எனக்கு அதிகக் கவலையைத் தந்தவர்கள் சொல்வதை நிறுத்திக்கொண்டவர்கள்தாம்.

ஸ்வீடன் நாட்டின் ஓரெப்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியா ஓயாலா என்ற உளவியலாளர், பிள்ளைகள் இந்தக் கவலையை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நெடுங்காலமாக ஆராய்ந்து மூன்று வழிகளைக் குறிப்பிடுகிறார். சிலர் அதைச் சிறிதாக்கி ஒதுக்கிவிடுகிறார்கள். சிலர் ஏதாவது செய்தாக வேண்டும் என்று இறங்குகிறார்கள். இன்னும் சிலர், நிலைமை மோசம் என்பதை ஒப்புக்கொண்டே, இதற்காக உழைக்கிற மனிதர்கள் மீது நம்பிக்கை வைத்து, பிரச்சினையை வேறு கோணத்திலும் பார்த்து, தங்களுக்கு ஒரு பொருளைத் தேடிக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் அவர் செய்த ஆய்வில், செயலில் மட்டும் இறங்கிய பிள்ளைகளிடம் எதிர்மறை மனநிலை கூடுதலாகவே காணப்பட்டது. அந்த மூன்றாவது வழியும் சேர்ந்திருந்தபோது அது தணிந்திருந்தது. "கவலையாக இருக்கிறதா, ஒரு மரம் நடு" என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது ஏன் போதாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இப்போதைக்கு ஒன்று மட்டும் செய்து பாருங்கள். அவளிடம் போய், "அன்றைக்கு நான் உன் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. உனக்கு எது அதிகமாகப் பயமாக இருக்கிறது என்று சொல், நான் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். அதன்பின் குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஆறுதல் சொல்லும் அவசரம் வரும். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தமானி (திருச்சி)

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். ஆலோசகர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பிள்ளைகளுக்கு ஆறுதலைப் போலவே துல்லியமும் தேவை. அவர்கள் பயப்படுகிற விஷயங்களில் பாதி உண்மை. மறுபாதி, உண்மை இழுத்து நீட்டப்பட்ட வடிவம். இரண்டையும் பிரித்துக் காட்ட நம்மால் முடியும்.

கடல்மட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கைப்படி, 2050ஐ ஒட்டி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த மட்டத்தைவிடச் சுமார் 15 முதல் 30 செ.மீ. வரை அது உயரலாம். 2100க்குள் எவ்வளவு உயரும் என்பது உலகம் எந்தப் பாதையில் போகிறது என்பதைப் பொறுத்து ஏறத்தாழ 30 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை வேறுபடுகிறது. இது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். கடலோரக் குப்பங்களுக்கும் வடிகால் கடலில் கலக்கும் தாழ்வான பகுதிகளுக்கும் இது பெரிய துன்பம். ஆனால் காணொளிகளில் காட்டுவதுபோல ஒரு நாள் காலையில் ஊர் காணாமல் போய்விடாது. "கடலுக்குள் போகும்" என்று நீல நிறம் பூசிய வரைபடங்களில் பல, அலைத்தடுப்பு, வடிகால் போன்றவற்றைக் கணக்கில் சேர்க்காமல், நிலத்தின் உயரத்தை மட்டும் வைத்து வரையப்பட்டவை.

அடுத்தது, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட உலகச் சராசரி வெப்பம் உயர்வது "1.5 டிகிரியைத் தாண்டினால் எல்லாம் முடிந்தது" என்ற எண்ணம். ஐ.பி.சி.சி.யின் 2018 அறிக்கைக்குப் பிறகு "இன்னும் பன்னிரண்டே ஆண்டுகள்" என்ற வாசகம் உலகமெங்கும் பரவி, அந்தக் கெடு முடிந்தால் உலகமே முடிந்துவிடும் என்பதாகப் பல பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிட்டது. அந்த அறிக்கை சொன்னது, வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் 2030க்குள் கரியமில வாயு உமிழ்வை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதே. 1.5 டிகிரி என்பது மலை உச்சியின் விளிம்பைப் போன்றதன்று. 1.6 டிகிரி 1.7ஐவிட நல்லது, 2 டிகிரி 2.5ஐவிட நல்லது. தடுக்கப்படும் ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு டிகிரியும் எங்கோ ஒரு ஊரில் ஒரு வெள்ளத்தின் உயரத்தைக் குறைக்கிறது. வெப்ப உயர்வைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட 2015க்கு முன்பு, இந்த நூற்றாண்டின் இறுதியில் வெப்ப உயர்வு 4 டிகிரியை நெருங்கும் என்று அஞ்சினார்கள். இன்றுள்ள கொள்கைகள் அப்படியே தொடர்ந்தால் அது 3 டிகிரியை ஒட்டி நிற்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 3 டிகிரியும் கொடுமைதான். ஆனால் அந்த எண் நகர்ந்தது மனிதர்கள் செய்த வேலையால் என்பதைப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. உலகம் கரியமில வாயுவைக் கூடுதலாகச் சேர்ப்பதை நிறுத்தினால் வெப்பம் மேலும் ஏறுவதும் ஏறத்தாழ நின்றுவிடும் என்பதையும் சொல்வதில்லை.

நான் வகுப்பில் எப்போதும் சொன்ன உதாரணம் ஒடிசா. 1999 அக்டோபரில் அங்கே வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் அதே கடற்கரையை பைலின் என்ற கடும்புயல் தாக்கியது. இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் கடலும் காற்றும் இரக்கம் கொள்ளவில்லை. முன்னெச்சரிக்கை மேம்பட்டது, புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன, பல லட்சம் மக்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இதைக் கேட்டதும் பின்பெஞ்சில் இருந்த ஒரு மாணவி, "அப்போ செத்தவங்க எல்லாம் புயலால மட்டும் சாகலையா சார்?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுப் பணியில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்விகளில் அதுவும் ஒன்று.

ஏரிக்கரை

இருவருக்கும் நன்றி. ஆலோசகர் சொன்னபடி நேற்றிரவு அவளிடம் பேசினேன். எனக்கும் பயம் இருக்கிறது என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முக்கால் மணி நேரம் பேசினாள். பாட்டியைப் பற்றித்தான் அதிகம். என் மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. 2023இல் அக்கம்பக்கத்துப் பையன்கள் நால்வர் நாற்காலியோடு தூக்கிப்போய் மாடியில் விட்டார்கள். இப்போது அந்தப் பையன்கள் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். "இந்த முறை பாட்டியை யார் தூக்குவாங்க?" என்பதுதான் இரவு இரண்டு மணிக்கு அவள் மனத்தில் ஓடுகிற கேள்வி. நான் உலக வெப்பமயமாதல் பற்றி என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னிடமும் ஒரு கேள்வி கேட்டாள். "2015இலேயே தெரிஞ்சிருச்சே, அப்புறம் எட்டு வருஷம் நீங்க எல்லாரும் என்ன பண்ணீங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. கடனை அடைத்தோம், சுவருக்கு வெள்ளையடித்தோம், மறக்க முயன்றோம். அதைத்தான் சொன்னேன்.

தென்னங்கீற்று (பேராவூரணி)

ஏரிக்கரை அக்கா, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் எங்கள் ஊரைக் கடந்தது. எங்களிடம் நூற்று நாற்பது தென்னை இருந்தன, என் தாத்தா வைத்தவை. விடிந்து பார்த்தபோது நின்றவை இருபத்தொன்று. என் மகனுக்கு அப்போது எட்டு வயது. அன்று காலை நான் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுததை அவன் பார்த்தான். பிள்ளை முன்னால் அழுதுவிட்டோமே என்ற வெட்கத்தில் அடுத்த சில ஆண்டுகள் வீட்டில் அந்தப் பேச்சை யாரையும் எடுக்கவே நான் விடவில்லை. கருவி வைத்து மரங்களை அறுத்து அப்புறப்படுத்தினோம், அரசு கொடுத்த கன்றுகளை நட்டோம். அவ்வளவுதான், அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

மகன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது காற்று சற்று வேகமாக அடித்தாலே அவன் முகம் வெளுப்பதைக் கவனித்தேன். தோப்புக்கு வரவே மாட்டான். ஒருநாள் வேளாண்மை படிக்கிறாயா என்று கேட்டதற்கு, "எதை நட்டாலும் விழத்தானேப்பா போகுது" என்றான். உங்கள் மகள் கேட்டதும் அவன் சொன்னதும் ஒன்றேதான். ஒருவர் நகரத்தில் இருக்கிறார், ஒருவர் தோப்பில் இருக்கிறார்.

நான் படித்தவனில்லை, ஆலோசனை முறைகளும் எனக்குத் தெரியாது. நான் செய்தது இதுதான். அவனைக் கூட்டிப்போய் விழாமல் நின்ற இருபத்தொரு மரங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஏன் இவை நின்றன என்று இருவருமாக யோசித்தோம். வேர் ஆழமாகப் போயிருந்த மேட்டுப்பகுதி மரங்கள் சில. மேற்கே பக்கத்துத் தோட்டத்துச் சவுக்கு வரிசையின் மறைவில் இருந்தவை சில. மற்றவை ஏன் நின்றன என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதையும் அவனிடம் சொன்னேன். அவன் ஒரு நோட்டில் எல்லா மரத்தின் இடத்தையும் குறித்துக்கொண்டான். அதன்பிறகு, இனி தென்னையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று அவனே சொன்னான். இப்போது ஊடே வாழையும் உளுந்தும் போடுகிறோம்; வரப்போரம் சவுக்கு வைத்திருக்கிறோம். அடுத்த புயல் வந்தால் ஏதோ விழும், ஏதோ நிற்கும். முழுவதும் விழாது என்று ஏற்பாடு செய்திருக்கிறோம்.

நட்ட தென்னையில் முதல் பாளை வெடித்த அன்று அவன்தான் ஓடிவந்து சொன்னான். காற்றைக் கண்டால் இப்போதும் பயப்படுகிறான். ஆனால் பயந்துகொண்டே தோப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.

பன்னிரண்டாம் வகுப்பு (செங்கல்பட்டு)

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பதினேழு வயது. இந்த இழை எங்களைப் பற்றியது என்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து இதுவரை, பூமி உருண்டை கண்ணீர் விடுவதுபோல நான் நான்கு முறை ஓவியப் போட்டிக்கு வரைந்திருக்கிறேன். இரண்டு முறை பரிசும் கிடைத்தது. அதை வரையும்போது எனக்கு எப்படி இருந்தது என்று ஒருமுறைகூட யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு விழாவிலும் மேடையில் இருப்பவர்கள், "பூமியைக் காப்பாற்றப் போகிறவர்கள் நீங்கள்தான்" என்று எங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். எங்களுக்கு இன்னும் வாக்குரிமை இல்லை, சம்பாத்தியம் இல்லை, வீட்டில் எந்த பல்பு வாங்குவது என்று முடிவெடுக்கும் இடத்தில்கூட நாங்கள் இல்லை. நாங்கள் வளர்ந்து வரும் வரை இது காத்திருக்காது என்று பாடப் புத்தகமே சொல்கிறது. அப்படியானால் எங்களை ஏன் முன்னால் தள்ளிவிட்டு நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள்? அந்த வாக்கியம் பாராட்டு என்று நினைத்துச் சொல்லப்படுகிறது. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

எனக்கு எது உதவியது என்றும் சொல்கிறேன். எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் ஏரியின் வரத்துக்கால்வாயைத் தூர்வாரும் குழுவில் இருக்கிறார். நானும் போகத் தொடங்கினேன். அங்கே ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடித்து நிற்பதைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ தளர்ந்தது. நான் அள்ளிய சேற்றால் வந்த நிம்மதி கொஞ்சம்தான். என்னைவிட மூத்தவர்கள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்ணால் கண்டதில் வந்த நிம்மதி பெரிது.

நேர்ப்பாதை

தம்பி, நீ எழுதியதை என் மகனிடம் படித்துக் காட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் இன்னொரு முறை படிக்கச் சொன்னான். மேடைகளில் சொல்லப்படும் அந்த வாக்கியத்தை நானும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன்.

எனினும் என் கருத்தின் ஒரு பகுதியை நான் விடவில்லை. செய்தியை அளவோடு பார்ப்பது ஓடி ஒளிவதாகாது. தேர்வு வருடத்தில் இருக்கும் பிள்ளைக்கு இரவுத் தூக்கம் உணவுக்குச் சமம். ஆகவே கைப்பேசியை இரவு ஒன்பதுக்குமேல் கூடத்தில் வைத்துவிடும் பழக்கத்தை எங்கள் வீட்டில் கொண்டுவந்திருக்கிறோம், என்னுடையதும் சேர்த்து. இது தண்டனை என்று அவன் நினைக்காமல் இருப்பதற்கு என் கைப்பேசியும் அங்கே இருப்பதே காரணம்.

செவிமடுப்பவர்

நேர்ப்பாதை அவர்களே, அது மிக நல்ல ஏற்பாடு. ஏரிக்கரை வீட்டில் மழைக்காலம் என்பதால் ஒரு சிறு மாற்றம் தேவைப்படலாம். எச்சரிக்கையைப் பார்க்கும் பொறுப்பைப் பெரியவர் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். "சிவப்பு எச்சரிக்கை வந்தால் நானே உன்னை எழுப்புவேன், நீ காவல் இருக்க வேண்டியதில்லை" என்று வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்ற வேண்டும். அந்தப் பெண் இரவில் கண் விழிப்பது காவல்காரர் வேலை. அந்த வேலையிலிருந்து அவளை யாராவது விடுவித்தால்தான் உறக்கம் வரும்.

பதைபதைப்பு மேலிடும் நேரத்தில் விவாதம் உதவாது. அப்போது உடலைத்தான் முதலில் அமைதிப்படுத்த வேண்டும். மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டிச் செய்வது, தரையில் பாதத்தை அழுத்தி உட்கார்வது, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை மெதுவாகச் சொல்வது போன்ற எளிய வழிகளே போதும்; அடங்கியபின் பேசலாம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த உலகைப் பற்றிக் கவலைப்படுவது நோயல்ல. ஆனால் உறக்கமின்மையோ உணவு வெறுப்போ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், நண்பர்களிடமிருந்தும் பிடித்த விளையாட்டிலிருந்தும் விலகினால், பள்ளிக்குப் போக மறுத்தால், "நான் இருந்து என்ன பயன்" என்ற பொருள்படப் பேசினால், அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாமல் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலிமனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம், பிள்ளைக்காக மட்டும்தான் என்றில்லை.

மழைமானி (அரசுப் பள்ளி ஆசிரியை, கடலூர்)

சுருக்கமாக ஒன்று. எங்கள் பள்ளியில் சூழல் மன்றத்துப் பிள்ளைகள் ஒரு சாதாரண மழைமானியைக் கூரையற்ற இடத்தில் வைத்துத் தினமும் காலை எட்டரை மணிக்கு அளவெடுத்துக் கரும்பலகையில் எழுதுகிறார்கள். வானிலை ஆய்வு மையம் அளவெடுப்பதும் அதே நேரம்தான் என்பதால் இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். புயல் என்றால் அஞ்சி நடுங்கிய ஒரு மாணவி இப்போது, "நேத்து 64 மில்லிமீட்டர்தான் டீச்சர், நம்ம தெரு 100 வரைக்கும் தாங்கும்" என்கிறாள். அளவு தெரிந்த மழைக்கும் அளவு தெரியாத மழைக்கும் அவளுக்கு வேறுபாடு தெரிந்துவிட்டது. ஆசிரியர்கள் இதைத் திணிக்கக் கூடாது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் செய்யட்டும்.

ஏரிக்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஃபிரிட்ஜை நகர்த்தினால் அதன் பின்சுவரில் 2023 வெள்ளத்தின் கறை வெள்ளையடிப்பையும் மீறி இன்னும் மங்கலாகத் தெரியும். இத்தனை நாள் அதை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் ஃபிரிட்ஜை அங்கே வைத்திருந்தேன். போன ஞாயிறு மகள் அதை நகர்த்தச் சொல்லி, அளவுகோல் வைத்து அளந்தாள். மூன்றடி இரண்டு அங்குலம். பென்சிலால் கோடு போட்டுத் தேதியையும் எழுதினாள். பிறகு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து, அந்தக் கோட்டுக்குக் கீழே என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் எடுத்தோம். இன்வெர்ட்டர், அரிசி டிரம், புத்தக அலமாரியின் கீழ் இரண்டு தட்டுகள், பாட்டியின் மருந்துப் பெட்டி. ஒவ்வொன்றாக மேலே ஏறிவிட்டன. தாள்கள் இருந்த அவளுடைய பாலிதீன் பை இப்போது வீட்டுக்குப் பொதுவான பை. எல்லோருடைய ஆதாரும் அதில்தான்.

எங்கள் பகுதியில் நீர் ஏன் தேங்குகிறது என்றும் அவளே படித்து எனக்கு விளக்கினாள். பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஒரு காலத்தில் இன்றைய அளவைப்போலப் பல மடங்கு பரந்து கிடந்ததும், நாங்கள் வீடு வாங்கிய இடமே தண்ணீர் வந்து தங்கிய நிலமாக இருந்திருப்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 2022இல் அந்தச் சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததை அவள் கொஞ்சம் பெருமையோடு சொன்னாள். வெள்ளம் வானத்தால் மட்டும் வருவதில்லை, நாம் கட்டியதாலும் வருகிறது என்று தெரிந்ததில் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் பழைய பயத்தைவிட எனக்குச் சம்மதமாக இருக்கிறது. எங்கள் தெரு வடிகால் அடைப்பு பற்றி மாநகராட்சியின் 1913 எண்ணில் நானும் என் கணவரும் புகார் பதிவு செய்தோம். அவளிடம் அழைக்கச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தம்பி எழுதியது நினைவில் இருந்தது. ஒருமுறை வந்து அள்ளிவிட்டுப் போனார்கள், பாதி அடைப்பு இன்னும் இருக்கிறது, மறுபடியும் அழைத்திருக்கிறோம்.

பாட்டியைத் தூக்குவது யார் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. எதிர் வீட்டு முதல் தளத்தில் தனியாக இருக்கும் ஆசிரியை அம்மாவிடம் மகளே போய்ப் பேசினாள். எச்சரிக்கை வந்த அன்றே, தண்ணீர் வருமுன், பாட்டி அங்கே போய்விடுவார் என்று முடிவாகியிருக்கிறது. ஒத்திகைபோலப் போன வெள்ளிக்கிழமை படி ஏறிப் பார்த்தார். பதினெட்டுப் படி, நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து, பதினோரு நிமிடம் ஆயிற்று.

முந்தாநாள் இரவு நல்ல மழை. ஒரு மணிக்கு நான் எழுந்து அறிவிப்பைப் பார்த்தேன், மஞ்சள் எச்சரிக்கைதான். அவள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. விழித்துத்தான் இருந்தாள். "என்ன கலர்மா?" என்று கேட்டாள். மஞ்சள் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.